நேராக நடந்துவிட்டதால் கிடைத்த தேர்ச்சியை ரத்து செய்யக் கோருதல்

அனுப்புநர்
உடற்பயிற்சி ஆசிரியை,
பெண்கள் மேல்நிலைப் பள்ளி.
(தங்கள் அலுவலகக் கோப்பில் "இயலாமை இல்லை" என்று பதியப்பட்டிருப்பவர்)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இயலாமை மதிப்பீட்டு மருத்துவக் குழு,
அரசு தலைமை மருத்துவமனை.

பொருள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் – குழுவின் முன் நேராக நடந்து காட்டியதால் சான்று மறுக்கப்பட்டது – மறுபரிசோதனை செய்து, மருந்து பெற வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (அ) தங்கள் குழுவின் முடிவு. (ஆ) எனது முதல் மேல்முறையீடும், அதற்கு வந்த இரண்டு வரிப் பதிலும். (இ) எனது இரண்டாம் மேல்முறையீடு, பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது என் மூன்றாவது மனு. முந்தைய இரண்டையும் அலுவலக நடையில் சுருக்கமாக எழுதினால்தான் மதிப்பு இருக்கும் என்று நம்பி, நோயின் பெயரையும் கோரிக்கையையும் மட்டும் எழுதினேன். சுருக்கமாக எழுதியதற்குச் சுருக்கமாகவே பதில் வந்தது. எனவே இம்முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் முழுதாகச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று பின்னால் என்னை நானே நொந்துகொள்ளக் கூடாது.

2. மாணவிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில் டீச்சர். என் எதிரில் அதைச் சொல்ல மாட்டார்கள். நான் முதுகைத் திருப்பினால் போதும். என் கணவர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருபவர்களின் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கேட்காமலே நீக்கிக் கொடுக்கும் நல்ல மனம் அவருக்கு. எங்கள் இருவரின் தொழிலும் இந்த மனுவுக்குச் சம்பந்தப்பட்டவை என்பதால் குறிப்பிடுகிறேன். நான் ஆட்களை நேராக நிற்க வைப்பவள். அவர் ஆட்களை நன்றாகத் தெரிய வைப்பவர். எங்களைக் கெடுத்தது இந்த இரண்டும்தான்.

3. நோய் முதலில் கண்ணில் வந்தது. பள்ளி விளையாட்டு விழா அன்று, சிவப்பு அணியின் கொடி எனக்கு வெளுத்துப்போன செங்கல் நிறத்தில் தெரிந்தது. கொடியை யார் துவைத்துக் கெடுத்தது என்று சிவப்பு அணித் தலைவியைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே "கொடி புதுசு டீச்சர், நேத்துதான் கடையிலேருந்து வாங்கிட்டு வந்தோம்" என்றாள். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வலக் கண்ணில் கொடி நல்ல சிவப்பு. இடக் கண்ணில் செங்கல். கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது. கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். சில வாரங்களில் தானாகவே பார்வை தெளிந்தது. நாங்கள் சொட்டு மருந்துக்கு நன்றி சொன்னோம்.

4. அதன்பின் வந்தவற்றை வரிசையாக எழுதினால் தங்களுக்கே சலிப்புத் தட்டும். இடது பாதம் மரத்துப்போனது. எலும்பு மருத்துவர் செருப்பை மாற்றச் சொன்னார். கழுத்துப் பயிற்சியின்போது தலை குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை மின்சாரம் அடித்தாற்போல இருந்தது. சுளுக்கு என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். காலையில் எழும்போதே ஊரைச் சுற்றி வந்ததுபோல ஓர் அசதி; பொது மருத்துவர் சத்து மாத்திரை எழுதிவிட்டு, "டென்ஷனைக் குறைங்க மேடம்" என்றார். என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "எல்லாம் நீங்க இழுத்துப் போட்டுக்கறதுதான் அண்ணி, ஒரு மாசம் கத்தாம இருந்து பாருங்க" என்று வைத்தியமே சொல்லிவிட்டாள். ஒவ்வொன்றும் வந்தது, சில வாரம் இருந்தது, போனது. போனபிறகு வந்ததை யாரிடம் காட்டுவது? ஒவ்வொரு மருத்துவரும் என் உடம்பின் ஒரு துண்டை மட்டும் பார்த்தார். எல்லாத் துண்டும் ஒரே ஆளுடையவை என்று யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை.

5. கடைசியாக, தங்கள் மருத்துவமனையிலேயே வாரத்தில் ஒருநாள் வரும் நரம்பு மருத்துவர் அம்மாதான் பழைய கதை முழுவதையும் கேட்டார். கண்ணில் ஆரம்பித்ததைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையையும் தண்டுவடத்தையும் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது என் கணவர் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். கருப்பு வெள்ளைப் படத்தில் அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்பது ஊருக்கே தெரியும். "டாக்டரம்மா, ஃபிலிம்ல தூசி விழுந்திருக்கு. இங்க ஒண்ணு, இங்க ரெண்டு, இந்தப் பக்கம் நாலஞ்சு. இன்னொரு காப்பி போடச் சொல்லுங்க" என்றார். அந்த அம்மா மெதுவாக, "தூசி இல்லீங்க. அதுதான் நோய்" என்றார். என் கணவர் அந்த வெள்ளைப் புள்ளிகளைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முழுவதும் அதை அவர் பையில் திருப்பி வைக்கவில்லை.

6. தங்களுக்கு நோயைப் பற்றிப் பாடம் நடத்துவதாக எண்ண வேண்டாம். தங்கள் குழுவில் எலும்பு மருத்துவரும் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் பொது மருத்துவரும் இருந்தார்கள். நரம்பு மருத்துவர் பெயருக்குக்கூட ஒருவர் இல்லை. அதனால் எனக்குச் சொல்லப்பட்டதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய், நரம்புகளின்மேல் இருக்கும் உறையைத் தின்கிறது. உறை போன இடத்தில் மூளையின் கட்டளை தாமதமாகப் போகிறது, அல்லது போய்ச் சேருவதே இல்லை. மைதானத்தில் நான் விசில் ஊதுகிறேன். முதல் வரிசைக்குக் கேட்கிறது, கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகளை அடித்து என்ன பயன்? உடம்பு சூடானால் இன்னும் மோசம். குளிர்ந்த அறையில் எழுந்து நடக்கிற கால், வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் என்னுடையதே அல்ல. என் வேலையோ வெயிலில்.

7. இந்நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கும் ஊசி மருந்து உண்டு. நரம்பு மருத்துவர் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "போனது போனதுதான். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான் இந்த ஊசி." அரசு மருந்தகத்தில் அது வேண்டுமானால் தங்கள் குழுவின் சான்று வேண்டும். வெளியில் வாங்குவது எங்களால் ஆகாத காரியம். அந்தக் கணக்கை எழுதித் தங்கள் நேரத்தைக் கெடுக்கவில்லை. ஆக, என் மிச்சம் முழுவதும் தங்கள் குழுவின் முன் நான் நிற்கப்போகும் அந்தச் சில நிமிடங்களில் இருந்தது.

8. அந்தச் சில நிமிடங்களுக்கு நாங்கள் எப்படித் தயாரானோம் என்பதைக் கேட்டால் தங்களுக்குச் சிரிப்பு வரும். முந்தைய மூன்று நாட்களும் என் கணவர் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. "பெரிய டாக்டருங்க முன்னாடி போய் நிக்கணும், தெம்பா இருக்க வேண்டாமா?" என்று அவரே சமைத்தார், அவரே துவைத்தார். விண்ணப்பத்துக்குப் படம் எடுத்தபோது நெற்றியில் வெளிச்சம் விழுமாறு உட்கார வைத்து, பின்பு வழக்கம்போலக் கருவளையத்தையும் நீக்கிவிட்டார். இரண்டு வருடமாக நான் அவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தது அந்தப் படத்தில்தான். காலையில் குளிர்ந்த நீரில் குளித்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அரசு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஒழுங்காகப் போக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள் இருவரும். நோயாளியாகப் போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

9. தங்கள் கூடத்தில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். எனக்கோ நெடுநாளைக்குப் பிறகு உடம்பு என் பேச்சைக் கேட்டது. என் முறை வந்ததும் தாங்கள் படத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "சிறுநீர் அடக்க முடியாம போறது உண்டா?" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டீர்கள். வரிசையில் என்னிடம் படித்த பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் "இல்லீங்க" என்றேன். அது பொய். உண்டு. மைதானத்தில் ஒருமுறை நடந்துவிட்டது. அன்று தலைமை ஆசிரியை தன் சால்வையை எடுத்து என் இடுப்பில் சுற்றி, வீடு வரை கூட்டி வந்தார். பெண்ணாகப் பிறந்தவள் எழுதக் கூசும் இதை இப்போது எழுத்தில் தருகிறேன், கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. அடுத்து தாங்கள் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைக் காட்டி, "இந்தக் கோட்டு மேல நேரா நடந்து காட்டுங்கம்மா" என்றீர்கள். ஐயா, என் வேலைக்காலம் முழுவதும் நான் பிள்ளைகளிடம் சொன்ன வாக்கியம் அது. அதை என்னிடம் ஒருவர் சொன்னதும் எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. முகவாய் உயர்ந்தது. தோள் பின்னால் போனது. மரத்துப்போன பாதத்தைக் கண்ணால் பார்க்காமலே சரியான இடத்தில் வைத்தேன். கோட்டின் முடிவில் தாங்கள் கேட்காமலே குதிகாலில் திரும்பி, இரு பாதத்தையும் சேர்த்து நிறுத்தித் திரும்பி வந்தேன். "அடேயப்பா, எங்களைவிட நல்லா நடக்கறீங்களே!" என்றீர்கள். மூன்று மருத்துவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் நின்றிருந்த என் கணவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இருவருமாகச் சேர்ந்து அந்தத் தேர்வில் தேறிவிட்டோம்.

11. வெளியே உச்சி வெயில். மருந்தகக் கட்டடத்தைத் தாண்டுவதற்குள் இடது கால் இழுத்தது. வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தேன். என் கணவர் ஓடிப்போய்க் காவலாளியிடம் சக்கர நாற்காலி கேட்டார். நல்ல மனிதர், எடுக்கத்தான் போனார்; பிறகு நின்று, "சர்ட்டிபிகேட் இருக்கா சார்? அது இல்லாம குடுக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரும் என் கணவருமாக என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கஞ்சி போட்ட புடவை அப்போதும் கசங்கவில்லை. இதைத் தங்கள் கூடத்தின் சன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்தவரின் முறை வந்திருக்கும்.

12. "விண்ணப்பதாரர் உதவியின்றி இயல்பாக நடந்தார், இயலாமை இல்லை" என்று முடிவு வந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மேல்முறையீட்டுடன் நரம்பு மருத்துவரின் கடிதத்தை இணைத்தேன். அது "கருத்து" என்றும், சான்று தரும் அதிகாரம் குழுவுக்கே என்றும் பதில் வந்தது. நேரில் வந்தபோது அலுவலக எழுத்தர், "நீங்களே நடந்து காட்டிட்டு நீங்களே நடக்க முடியலைன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார். கால் வலி, வயிற்று வலி என்று வெயிலிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் பிள்ளைகளின் நடிப்பில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் நான் பார்த்தவள். நன்றாக இருப்பதுபோல நடித்து மாட்டிக்கொண்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

13. இதற்கிடையில் இன்னொரு தாக்குதல் வந்துபோனது. இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி, இந்த முறையும் கொஞ்சம் மீண்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது திரும்பிப் போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகிறது. இம்முறை வலக்கை விரல்கள். சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. பேனா பிடித்தால் எழுத்து கோணுகிறது. இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் என் கணவர். எழுதும்போது என் வாக்கியங்களையும் அழகுபடுத்தப் பார்க்கிறார், நான் விடவில்லை. சற்று முன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்த போட்டோவை நான் அப்படி எடுத்திருக்கக் கூடாது" என்றார். அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதியிருக்கிறார்.

14. இதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். நடக்க முடியாதவர்களுக்குத்தான் சான்று. சான்று உள்ளவர்களுக்குத்தான் மருந்து. அந்த மருந்தோ, இன்னும் நடப்பவர்களை நடக்க வைப்பதற்கானது. தாக்குதல்கள் வந்து போகும் காலம் முடிந்து, நோய் நிற்காமல் தேய்க்கத் தொடங்கிவிட்டால் இந்த ஊசியால் பெரிய பயன் இல்லை என்று நரம்பு மருத்துவர் அம்மா சொல்லிவிட்டார். ஆகவே தங்கள் விதிப்படி நான் தகுதி பெறும் நாளில் எனக்கு மருந்து தேவைப்படாது. சக்கர நாற்காலியைத் தடையில்லாமல் கொடுப்பார்கள். நான் இருக்கும் வேகத்தில் அந்த நாளை எட்டிவிடுவேன் என்றே தோன்றுகிறது. கோப்பு நகரும் வேகத்தைவிட அது அதிகம்.

15. குணமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆசையை விட்டு நாளாகிறது. இப்போது எவ்வளவு மோசமாக இருக்கிறேனோ அவ்வளவு மோசமாகவே இருக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறேன். மைதானத்து மரத்தடியில் தலைமை ஆசிரியை போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறேன். என் கணவரின் முகம் இரு கண்ணிலும் தெரிகிறது. இவ்வளவுதான் மிச்சம். இது போதும், இது நிற்கட்டும்.

16. எனவே, "இயலாமை இல்லை" என்று எனக்கு வழங்கப்பட்ட தேர்ச்சியை ரத்து செய்து, நரம்பு மருத்துவர் ஒருவரையும் உடன் வைத்து மறுபரிசோதனைக்கு ஆணையிட வேண்டுகிறேன். அதைத் தங்கள் குளிர்ந்த கூடத்தில் அல்லாமல், நண்பகலில் எங்கள் பள்ளி மைதானத்தில் நடத்த வேண்டும். மரத்தடியில் குழுவினருக்கும் நாற்காலி போடச் சொல்கிறேன்.

17. கடைசியாக ஒன்று. என்னை எனக்குத் தெரியும். மறுபரிசோதனையிலும் யாராவது மஞ்சள் கோட்டைக் காட்டி "நேரா நடங்க" என்று சொன்னால் நான் நடக்கத்தான் பார்ப்பேன். விழும்வரை முகவாயைத் தாழ்த்த மாட்டேன். ஒருவேளை அன்றும் விழாமலே முடித்துவிடுவேன். அத்துடன் எல்லாம் முடிந்தது. ஆகையால் தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அன்று என்னிடம் எதையும் செய்து காட்டச் சொல்லாதீர்கள். எதுவும் கேட்காதீர்கள். என் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். பிறகு விடைபெற்றுக்கொண்டு புறப்படுவதுபோல எழுந்திருங்கள். வந்தவர்களை வழியனுப்ப எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். அப்போது நான் எழுந்திருக்கப் பார்ப்பேன். அதைப் பாருங்கள்.

நாள்: ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுநாள்
இடம்: பள்ளியை ஒட்டிய வீடு, தரைத்தளம்

தங்கள் முன்னிலையில் நேராக நடந்தவள்,

(கையொப்பம்)

இணைப்பு: ஸ்கேன் படம் ஒன்று. அதில் தெரிபவை தூசி அல்ல. விண்ணப்பதாரரின் புதிய புகைப்படம் ஒன்று; திருத்தப்படாதது. கையொப்பம் கோணலாக இருந்தாலும் என்னுடையதே.